உங்களுக்குத் தெரியுமா? புற்றுக்குள் ஒரு காளான் தோட்டம்

மொனராகலைப் பக்கம் ஐப்பசி மழைதான் காளான் காலம். கடுக்காய், தான்றி, நெல்லி என்று திரிபலா மரங்கள் மூன்றும் சேர்ந்தே வளரும் நில்கல காட்டுக்குப் போனால், கறையான் புற்றுகளையும் பாருங்கள். அங்கே முளைக்கும் காளான், கறையான் பயிரிட்டது! காய்ந்த இலையையும் கட்டையையும் தின்று, எச்சத்தால் கடற்பஞ்சு போன்ற அடை கட்டி, அதில் பூஞ்சை வளர்க்கிறது. மரத்தின் கடினமான லிக்னினைப் பூஞ்சை உடைத்துத் தர, கறையானுக்கு அது உணவாகிறது. சுமார் 3 கோடி ஆண்டுக் கூட்டு இது, எவ்வளவு பெரிய அதிசயம்! காளானைச் சுற்றி மண்ணைக் குச்சியால் மெல்ல விலக்கினால், தண்டு வேராக நீண்டு அந்த அடைவரை இறங்குவது தெரியும். கையை மட்டும் விடாதீர்கள், புற்றில் பாம்பும் இருக்கும்.