பூனையின் தினவும் வீட்டு வைத்தியமும்

வீட்டுப் பூனை ஓயாமல் உடம்பைச் சொறிந்துகொண்டும், அடிவயிற்று ரோமமெல்லாம் போய்த் தோல் வெளிறித் தெரியும்வரை நக்கிக்கொண்டும் இருப்பதைக் காணச் சகியாமல், அடுக்களையிலுள்ள மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் தேடிப் போகிறவர்களும், ஹோமியோபதி வைத்தியரிடம் சர்க்கரை உருண்டைகள் வாங்கி வருகிறவர்களும் நம்மில் அநேகர். அவர்களுடைய பிரியத்தில் குறை காண யாருக்கும் அதிகாரமில்லை. ஸ்டிராய்டு மருந்தை நெடுங்காலம் கொடுத்துவந்தால் பூனைக்கு நீரிழிவு உண்டாகக்கூடும் என்பது மெய்யாதலால், சாதுவான ஔஷதம் ஒன்று அகப்படாதா என்ற அவர்களுடைய ஏக்கமும் நியாயமானதே. ஆயினும், மனித தேகத்துக்குச் சாதுவாயிருப்பது பூனையின் தேகத்துக்கும் சாதுவாகவே இருக்கும் என்று நம்பிவிடுவதில் பெரும் அபாயம் இருக்கிறது.

நம்முடைய ஈரல், உள்ளே புகும் பல ரசாயனப் பொருள்களைக் குளுகுரோனிக் அமிலத்தோடு பிணைத்து, நீரில் கரையும்படி செய்து, வெளியேற்றிவிடுகிறது; மாமிச பக்ஷிணியான பூனைக்கோ அந்தச் சக்தி மிகவும் குறைவு. நமக்குத் தலைவலி தீர்க்கும் பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே அதன் பிராணனைப் போக்கப் போதுமானதாயிருப்பது இதனால்தான். கற்பூரம் கலந்த தைலங்களும், இயற்கை மருந்தென்று விற்கப்படும் டீ ட்ரீ எண்ணெயும் அதற்கு விஷமே. வேப்பெண்ணெய் தடவப்பட்ட பூனைகள் எச்சில் வழிந்து, கைகால் நடுங்கி அவஸ்தைப்பட்டதுண்டு. பூண்டு உள்ளே போனால் ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் சிதைகின்றன. தோலின்மேல் எதைப் பூசினாலும் பூனை அதைச் சிறிது நேரத்தில் நக்கித் தின்றுவிடும். ஆகையால் பூனைக்கு வெளிப்பூச்சு என்று ஒன்று கிடையாது, எல்லாம் உள்மருந்துதான்.

ஹோமியோபதி உருண்டைகளைப் பற்றிய விஷயம் வேறு. ஜெர்மனியில் 1796-ல் ஹானிமன் வகுத்த இந்த முறையில், தினவுக்கென்று கொடுக்கப்படும் ஸல்பரோ ஏபிஸோ 30 என்ற வீரியத்தில் இருக்குமானால், நூற்றில் ஒரு பங்காகக் கரைக்கும் காரியம் முப்பது தடவை நடந்திருக்கிறது என்று பொருள்; பன்னிரண்டாவது தடவையைத் தாண்டும்போதே மூலப்பொருளின் ஓர் அணுக்கூறுகூட மிஞ்சுவது அரிதாகிவிடுகிறது. எந்த வியாதிக்கும் இம்முறை பயன்படுகிறது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லையென்று ஆஸ்திரேலிய தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ல் தெரிவித்தது. பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவர் கல்லூரியும் 2017-ல், சான்றுள்ள சிகிச்சைக்குப் பதிலாக இதைக் கையாளலாகாது என்று வற்புறுத்தியது. உருண்டை கொடுத்தபின் குணமானதைக் கண்ணாரக் கண்டோம் என்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஒவ்வாமையின் சுபாவமே ஏறி இறங்குவது, அரிப்பு உச்சத்திலிருக்கும் நாளில் மருந்தைத் தொடங்கினால் அது தானாகத் தணியும் நாளில் பெருமை மருந்துக்குப் போய்ச் சேருகிறது. உருண்டையால் நேரும் தீங்கு பெரும்பாலும் அதனுள் இருப்பதாலன்று, அதை நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் புண் முற்றிப்போவதால்தான்.

அப்படியானால் இயற்கை முறை ஏதும் இல்லையா என்றால், உண்டு. அது காரணத்தைத் தேடுவதில் தொடங்குகிறது. பூனைகளின் தோல் ஒவ்வாமைக்கு முதற்காரணம் தெள்ளுப்பூச்சியின் எச்சில். எங்கள் பூனையின்மேல் பூச்சியே கிடையாதே என்று சாதிப்பவர்களும் முதுகின் அடிப்பாகத்தில், வால் தொடங்குமிடத்தில், பேன் சீப்பால் அழுத்தி வாரி, சீப்பில் வருவதை நனைத்த வெள்ளைத் துணியில் உதறிப் பார்க்கட்டும்: கரும்புழுதி போன்ற துகள்களைச் சுற்றிச் செம்பழுப்பாய் ஈரம் பரவுமானால், அது பூச்சி குடித்துக் கழித்த ரத்தம். பூச்சிகளைப் பூனை நக்கி விழுங்கிவிடுவதால் அவை நம் கண்ணுக்கு அகப்படுவதில்லை. ஒவ்வாமையுள்ள பூனைக்கோ இரண்டொரு கடியே போதும், தோலெங்கும் தினை தினையாய்ப் பொருக்குத் தட்டிவிடும். ஒரு பெண் பூச்சி நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டைகள் வரையில் இடுகிறது. அவை பூனையின்மேல் தங்காமல் பாயிலும் தரை இடுக்கிலும் உதிர்ந்து, கூட்டுப்புழுவாக மாதக்கணக்கில் காத்திருக்கவும் வல்லவை. ஆதலின் தினந்தோறும் வாரி, வரும் பூச்சிகளைச் சோப்பு நீரில் அமிழ்த்துவதும், விரிப்புகளை வெந்நீரில் அலசுவதும், மூலைமுடுக்கெல்லாம் பெருக்குவதும் பல வாரங்கள் இடைவிடாது நடக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், பூனைக்கென்றே தயாரித்த பூச்சிமருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குவதே உத்தமம். பெர்மெத்ரின் கலந்த நாய்மருந்தைத் தடவினால் பூனை வலிப்புக் கண்டு மாண்டுபோகக்கூடும்.

முகமும் கழுத்தும் மட்டும் அதிகமாக அரிக்கிறதென்றால் ஆகாரத்தைச் சந்தேகிக்கலாம். பூனைக்கு உகந்ததென்று நாம் தேடித்தேடி வாங்கிப் போடும் மீனே ஒவ்வாமை தரும் பொருள்களில் முன்வரிசையில் நிற்கிறது. மாட்டிறைச்சியும் கோழியும் அவ்வரிசையில் சேர்ந்தவையே. இதுவரை உண்ணாத ஒரே வகை மாமிசத்தை, மருத்துவரின் யோசனைப்படி எட்டு வாரம் கொடுத்து, பின் பழைய ஆகாரத்துக்குத் திரும்பும்போது அரிப்பும் திரும்பினால் சந்தேகம் ஊர்ஜிதமாகும். இந்த எட்டு வாரமும் பக்கத்து வீட்டார் அன்போடு போடும் கருவாட்டுத் துண்டைக்கூடத் தடுத்தாக வேண்டும் என்பதுதான் இதிலுள்ள கஷ்டம். மீன் ஒத்துக்கொள்ளும் பூனைக்கு மீன் எண்ணெய் சில வாரங்களில் தோலின் அழற்சியைச் சற்றுத் தணிக்கும். ஆனால் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மீன் ஈரல் எண்ணெயில் ஏ, டி விட்டமின்கள் மிகுந்திருப்பதால் அதை இதற்குப் பதிலாகக் கொடுக்கலாகாது.

வட்டவட்டமாய் ரோமம் உதிர்ந்தால் அது ஒவ்வாமையாக இல்லாமல், மனிதருக்கும் தொற்றும் படர்தாமரையாக இருக்கக்கூடும்; உதிரும் ரோமத்தைப் பரிசோதித்துத்தான் அதை நிச்சயிக்க முடியும். முடிவு தெரியும் வரையில் குழந்தைகளின் படுக்கையில் பூனையைச் சேர்க்காதிருப்பது நல்லது.