மகனின் கணனிக்குப் புதிய புரொசஸர் தேவைதானா?

“உம்மா, கணனி சரியான ஸ்லோ. கேம் எல்லாம் இழுபடுது. புரொசஸரை மாத்தணும்” என்று மகன் வந்து நிற்கிறானா? சகோதரிகளே, ‘விளையாட்டுக்கெல்லாம் சல்லி இல்லை’ என்று உடனே கையை விரித்துவிடாதீர்கள். சீட்டு விழுந்த காசை அப்படியே எடுத்து நீட்டியும் விடாதீர்கள். பிள்ளை எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது வேறு பேச்சு. அதை இங்கே கலக்கவில்லை. கேட்கும் சாமானை வாங்கிக் கொடுத்தால் அவன் சொல்லும் குறை தீருமா? காசு கைமாறுவதற்கு முன்னர் உங்களுக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

கணனி விளையாட்டில் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரொசஸர் கணக்குப்பிள்ளை; யார் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போகிறது என்று கணக்குப் பார்த்துச் சொல்வது அது. கிராபிக்ஸ் கார்ட் சித்திரக்காரன்; சொன்னதைத் திரையில் கீறுவது அது. இருவரில் மெதுவானவர் எவரோ, அவரின் வேகம்தான் விளையாட்டின் வேகம். சித்திரக்காரன் களைத்திருக்கும்போது கணக்குப்பிள்ளையை மாற்றி என்ன பயன்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு சதமும் செலவில்லை. மகனைப் பக்கத்தில் இருத்தி, செக்கனுக்கு எத்தனை படம் வருகிறது என்பதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அவனுக்கு அது தெரிந்திருக்கும். அந்த எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு ஏதும் போட்டிருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். பிறகு அதே விளையாட்டில், அதே இடத்தில், ரெசலூஷனை 1920க்கு 1080 என்பதிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்துப் பார்க்கட்டும். படங்களின் எண்ணிக்கை நன்றாகக் கூடினால் தாமதம் கிராபிக்ஸ் கார்டில். புரொசஸருக்குக் கொடுக்கும் காசு வீண். கூடாமல் அப்படியே நின்றால் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

சிலர் டாஸ்க் மெனேஜரைத் திறந்து, ‘புரொசஸர் 50 வீதம்தானே வேலை செய்கிறது’ என்பார்கள். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஆறு கோர்களில் ஒன்று மூச்சுத் திணற, மற்றவை சும்மா இருந்தாலும் மொத்தக் கணக்கு குறைவாகவே காட்டும்.

இன்னும் சில சில்லறை வேலைகளும் உண்டு. பெட்டியைத் திறந்து விசிறியில் அடைந்திருக்கும் தூசியைத் துடையுங்கள். காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். நமது வெக்கைக்குச் சூடேறும் புரொசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். றம் ஒற்றைத் துண்டாக இருந்தால், அதே இனத்தில் இன்னொன்றைச் சோடி சேர்ப்பதும் பல விளையாட்டுகளில் பலன் தரும். கணனி திறக்கவே நெடுநேரம் எடுக்கிறதென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு புரொசஸர்தான் குறை என்றால், மதர்போர்டைப் பாருங்கள். உண்மையில் தீர்ப்புச் சொல்வது அதுதான். 2017இல் வந்த ரைசன் 5 1600 உங்கள் வீட்டில் இருக்கிறதென்றால் நல்ல காலம். அந்த ஏ.எம்.4 போர்டுகள் பலவற்றில், 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600 அப்படியே பொருந்தும். இரண்டுக்கும் ஆறு கோர்கள், 65 வாட். ஆனால் புதியதன் ஒவ்வொரு கோரும் மிக வேகமானது. றம்மும் பழைய டீ.டீ.ஆர்.4தான். போர்டின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதைச் செய்த கம்பனியின் பட்டியலில் இந்தப் புரொசஸர் இருக்கிறதா, எந்த பயோஸ் வேண்டும் என்று பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் 5800 எக்ஸ்3டீ என்று கேட்பார்கள். 96 மெகாபைட் கேஷ் கொண்ட அது விளையாட்டுக்கு அருமையானதுதான். பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம்.

இன்டெல் ஐ5 7400 போன்ற ஏழாம் தலைமுறை என்றால் கதை வேறு. அடுத்த தலைமுறைக்கும் சொக்கெட்டின் பெயர் அதே எல்.ஜி.ஏ.1151தான், ஆனாலும் பழைய போர்டில் அது வேலை செய்யாது. புதிய போர்டு வேண்டும். இன்றைய ஏ.எம்.5 போர்டுக்குப் போனால் டீ.டீ.ஆர்.5 றம்மும் வேண்டும். 2025இன் பிற்பகுதியில் றம் விலை உலகெங்கும் ஏறியது. அப்போது ‘புரொசஸர் மாத்துறது’ என்பது அரைக் கணனி வாங்கும் செலவாகிவிடுகிறது. அந்த வீட்டில், கொஞ்சம் பொறுத்துச் சேர்த்து வாங்குவோம் என்றே சொல்வேன்.

அதே கணனியில் மகள் உயர்தரப் பாடம் படிக்கிறாளா? அப்படியானால் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. மேலே சொன்ன இரண்டு பழைய புரொசஸர்களும் விண்டோஸ் 11க்கான மைக்ரோசொப்ட்டின் பட்டியலில் இல்லை. ரைசன் 5600 இருக்கிறது. விளையாட்டுக்கென்று கேட்ட சாமான் வீட்டுக்கே உதவும் இடம் இது.

மாற்றுவதென்று முடிவானால், பழைய புரொசஸர் உள்ளே இருக்கும்போதே பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். மின்சாரம் போகாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். இடையில் கரண்ட் போனால் போர்டே கெட்டுவிடலாம். கழற்றுவதற்கு முன் கணனியைச் சற்று ஓடவிட்டு, நிறுத்தி, வயரைக் கழற்றிய பின் கூலரை மெல்லத் திருகி எடுக்கவேண்டும். குளிர்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டால் கூலரோடு புரொசஸரும் பிடுங்கிக்கொண்டு வரும். ஏ.எம்.4 புரொசஸரின் அடியில் 1331 ஊசிகள் உண்டு. ஒன்று வளைந்தாலும் தலைவலி. பாவித்ததை வாங்குகிறவர்கள் வெளிச்சத்தில் பிடித்து அந்த ஊசிகளைப் பார்த்து, கணனியில் ஓட்டிக் காட்டச் சொல்லி, ஒரு மாத உத்தரவாதமாவது எழுதி வாங்குங்கள்.

கடையில் கொடுத்து மாற்றினால், பழைய புரொசஸரை மறக்காமல் கேட்டு எடுத்து வாருங்கள். அதற்கும் வாங்க ஆள் உண்டு.