கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்விகள்

இந்த லீவுல நம்மில் பாதிப் பேர் இன்-பிளான்ட் டிரெய்னிங் போகப் போறோம். ஃபைனல் இயர் அண்ணன்களும் அக்காக்களும் டிரெய்னி இன்ஜினியராகவே உள்ளே நுழையப் போறாங்க. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் முதல் நாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். கேட்டில் பெயர் எழுதணும், ஒரு ஏசி ரூமில் உட்காரணும், அரை மணி நேரம் சேஃப்டி வீடியோ பார்க்கணும், கடைசியில் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடணும். "எல்லாம் புரிஞ்சுதா?" என்று கேட்பார்கள். "புரிஞ்சுது சார்" என்று கோரஸாகச் சொல்வோம்.

நானும் அப்படித்தான் சொன்னேன். எனக்கு என்ன புரியவில்லை என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

அது வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. ஹெல்மெட், சேஃப்டி ஷூ, கண்ணாடி, நூல் கையுறை எல்லாம் கொடுத்து, "ஷாப் ஃப்ளோர்ல இருக்கிற வரைக்கும் எதையும் கழட்டக் கூடாது" என்று இன்டக்‌ஷனில் சொல்லியிருந்தார்கள். நல்ல பிள்ளையாக நானும் எதையும் கழட்டவில்லை. டிரில்லிங் மெஷின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுருள் சுருளாகச் சிப்ஸ் வந்து ஜாப் மேல் சேர்ந்தது. சும்மா நிற்கிறோமே, தள்ளிவிடுவோம் என்று கையை நீட்டினேன். கையுறை போட்ட கை. டிரில் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆபரேட்டர் அண்ணன் என் முழங்கையைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பின்னால் இழுத்தார். மெஷினை நிறுத்தினார்.

"தம்பி, சுத்துற மெஷின்கிட்ட கிளவுஸோட கை வைக்கவே கூடாது. யாரும் சொல்லலையா?"

சொல்லவில்லை. அதற்கு நேர் எதிராகத்தான் சொல்லியிருந்தார்கள்.

ஒரு சின்னக் கணக்கு

டிரில் 600 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 10 சுற்று. ஏதோ தப்பு நடக்கிறது என்று தெரிந்து கையைப் பின்னுக்கு இழுக்க ஏறத்தாழக் கால் நொடி ஆகும். அதற்குள் இரண்டரைச் சுற்று முடிந்துவிடும். சக்கின் விட்டம் 40 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 126 மி.மீ. இரண்டரைச் சுற்றுக்கு 31 செ.மீ. உங்கள் விரல் நுனியில் ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். மணிக்கட்டைத் தாண்டி முன்கையின் பாதிக்கு வரும். நாம் சுதாரிப்பதற்குள் மெஷின் அவ்வளவு தூரம் இழுத்திருக்கும்.

வெறும் விரல் பட்டால் காயத்தோடு போகலாம். நூல் கையுறை சிக்கினால் அது விரலை விடாது. தொங்கும் ஐ.டி. கார்டு கயிறு, கையில் கட்டிய சாமிக் கயிறு, துப்பட்டா, முடியாத கூந்தல், பட்டன் போடாத ஃபுல் ஹேண்ட் சட்டை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். ஓடும் இயந்திரத்தின் அருகே வேலை செய்ய நேர்ந்தால், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆள்தான் செய்ய வேண்டும், அவர் உடம்போடு ஒட்டிய உடையில் இருக்க வேண்டும், அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 22-வது பிரிவில் எழுதி வைத்தது சும்மா இல்லை.

அதற்காகக் கையுறையே தப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தகடு தூக்கும்போதும் சூடான பாகத்தைத் தொடும்போதும் அது இல்லாமல் முடியாது. ஒரே கையுறை ஒரு இடத்தில் கையைக் காப்பாற்றும், பத்தடி தள்ளி இன்னொரு இடத்தில் கையை எடுத்துவிடும். ஏசி ரூமில் சொல்வது தொழிற்சாலை முழுவதற்கும் பொதுவான விதி. ஆபத்து இருப்பது நாம் நிற்கும் அந்த ஒரு மெஷினில். அதைப் பற்றி அங்கே போய், அதை ஓட்டுகிறவரிடம்தான் கேட்க வேண்டும்.

புது ஆளுக்கு ஏன் அதிக ஆபத்து?

கனடாவின் டொரொன்டோவில் உள்ள இன்ஸ்டிடியூட் ஃபார் வொர்க் அண்ட் ஹெல்த் என்ற ஆய்வு நிறுவனம் இதைப் பல வருடங்களாகக் கவனித்து வருகிறது. வேலைக்கு வர முடியாத அளவுக்குக் காயம் படும் வாய்ப்பு, ஒரு வருடத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்களை விட முதல் மாதத்தில் இருப்பவர்களுக்கு மூன்று மடங்குக்கும் அதிகம் என்பது அவர்களின் கண்டுபிடிப்பு.

புது ஆளுக்கு விஷயம் தெரியாது என்பது ஒரு காரணம். தெரியாததைக் கேட்கக் கூச்சப்படுவது இன்னொரு காரணம். "இன்ஜினியரிங் படிக்கிறே, இதுகூடத் தெரியாதா?" என்று கேட்டுவிடுவார்களோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். அந்தக் கூச்சம் போக, கேள்விகளை முன்கூட்டியே தயார் பண்ணிக்கொண்டு போவது நல்லது. என்னுடைய ஐந்து இதோ.

1. "அண்ணா, இதை எப்படி நிறுத்தறது?"

மெஷினை ஓட்டக் கற்றுக்கொள்வதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். மஞ்சள் பின்னணியில் காளான் போலச் சிவப்பாக இருக்கும் எமர்ஜென்சி ஸ்டாப் எங்கே என்று கண்ணால் பார்த்து, நிற்கும் இடத்திலிருந்து கை எட்டுகிறதா என்றும் பாருங்கள். அழுத்தினால் அது உள்ளேயே நின்றுகொள்ளும். திருகியோ இழுத்தோ விடுவிக்கணும். அப்படி விடுவித்ததும் மெஷின் தானாக ஓடக் கூடாது. மறுபடி ஸ்டார்ட் கொடுத்தால்தான் ஓடணும். சிப்ஸை எடுப்பது மெஷின் நின்ற பிறகு, பிரஷ்ஷாலோ கொக்கியாலோ மட்டும்தான்.

2. "நின்ன மெஷின் நிஜமாவே நின்னுடுச்சா?"

எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தினால் ஓட்டம் நிற்கும். உள்ளே இருக்கிற எனர்ஜி அங்கேயே இருக்கலாம். கரண்டை அணைத்த பிறகும் காற்றழுத்தக் குழாயில் 6 பார் அழுத்தம் நிற்கிறது என்று வையுங்கள். 100 மி.மீ. போர் கொண்ட சிலிண்டரில் அது சுமார் 4,700 நியூட்டன் விசை தரும். கிட்டத்தட்ட 480 கிலோ எடையைக் கையின் மேல் வைத்த மாதிரி. தூக்கி நிற்கிற பிரஸ் ராம், அழுத்தப்பட்ட ஸ்பிரிங், சார்ஜ் இறங்காத கபாசிட்டர், சூடான பைப் எல்லாமே இந்த வகை.

அதனால்தான் ரிப்பேர் வேலைக்கு லாக்-அவுட் டேக்-அவுட் என்ற முறை இருக்கிறது. எனர்ஜி வரும் எல்லா வழியையும் அடைத்து, ஒவ்வொருவரும் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளணும். நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டு. தேங்கிய காற்றையும் அழுத்தத்தையும் இறக்கிவிட்டு, கடைசியாக ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் உள்ளே கை. இன்னொருவரின் பூட்டை எவ்வளவு அவசரமானாலும் தொடக் கூடாது. அந்தப் பூட்டின் மறுபக்கத்தில் ஒரு ஆள் இருக்கலாம்.

3. "இங்க நான் எதைச் சுவாசிக்கிறேன்?"

தின்னர், ஆசிட், கூலன்ட், பெயின்ட் என எந்த ரசாயனமானாலும் அதற்கு சேஃப்டி டேட்டா ஷீட் என்று ஒன்று இருக்கும். மொத்தம் 16 பகுதிகள். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் 2-வது பகுதியில் என்ன ஆபத்து என்பதையும், 4-வது பகுதியில் முதலுதவியையும், 8-வது பகுதியில் என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் பாருங்கள்.

டேங்க், குழி, சம்ப் பக்கம் போனால் மூக்கை நம்பாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சுமார் 100 பி.பி.எம். அளவுக்குப் போனால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது, பிரச்சினை இல்லை என்று தோன்றும் நேரம்தான் உயிருக்கு ஆபத்தான நேரம். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் அப்படியே உள்ளே இறங்கக் கூடாது. அளவைச் சொல்ல வேண்டியது மீட்டர்.

செப்டிக் டேங்க், கழிவுநீர்த் தொட்டிச் செய்திகளில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். முதலில் ஒருவர் விழுவார், காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். பாசத்தில் குதிக்கிறவருக்கும் அதே காற்றுதான். மேலே நிற்பவர் செய்ய வேண்டியது சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுவது, இறங்குவது அல்ல.

4. "சைரன் அடிச்சா எந்தப் பக்கம் போகணும்?"

அசெம்பிளி பாயின்ட்டுக்கு முதல் நாளே ஒரு தடவை நடந்து போய்ப் பாருங்கள். வரைபடத்தில் இருக்கும் வழியில் பேலட் அடுக்கி வைத்திருக்கலாம். வாயுக் கசிவு என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது முக்கியம். கூரை மேல் பறக்கும் விண்ட் சாக்கைப் பார்த்து, காற்றின் திசைக்குக் குறுக்காக வெளியேறுங்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் தலை எண்ணுவார்கள். சொல்லாமல் ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டால், உங்களைத் தேடி இன்னொருவர் உள்ளே போக நேரும்.

5. "தப்பிச்சுட்டேன்னா யார்கிட்ட சொல்றது?"

அடிபட்டால் எல்லோரும் சொல்வோம். மயிரிழையில் தப்பினால் சொல்ல மாட்டோம். அதற்கு நியர் மிஸ் என்று பெயர். யாருக்கும் காயம் இல்லாமல், எங்கே ஓட்டை இருக்கிறது என்று ஓசியில் கிடைக்கும் தகவல் அது. யாரிடம், எந்த நோட்டில் எழுதணும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது உரிமை

இவ்வளவு கேட்டால் கோபப்படுவார்களா? படலாம். ஆனால் கேட்பது நம் உரிமை. அந்த உரிமை வந்த கதையை மறக்கக் கூடாது. 1984 டிசம்பர் 2-ம் தேதி இரவு போபாலில் மெத்தில் ஐசோசயனேட் கசிந்தபோது, சுற்றியிருந்த மக்களுக்குத் தாங்கள் சுவாசிப்பது என்ன, எந்தப் பக்கம் ஓடணும் என்று தெரியாது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன் பிறகு 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். வேலையில் உள்ள ஆபத்து பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறுவதும் பயிற்சி பெறுவதும் தொழிலாளியின் உரிமை என்று 111-ஏ பிரிவு வந்தது. உடனடி ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் நிர்வாகத்திடம் எச்சரிக்கும் உரிமையை 41-எச் பிரிவு தந்தது. 2020-ல் இயற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தகவல் கேட்கும் உரிமை இருக்கிறது.

அந்த டிரில்லிங் மெஷின்

ஐந்தாவது கேள்வியை நான் எழுதியதற்குக் காரணம் உண்டு. என் கை தப்பியதை நானும் சொல்லவில்லை, அண்ணனும் சொல்லவில்லை. டிரெய்னிங் சர்டிஃபிகேட் கிடைக்காமல் போய்விடுமோ என்று எனக்குப் பயம். "பையனை ஏன் பக்கத்துல விட்ட?" என்று கேட்பார்களோ என்று அவருக்குப் பயம்.

டிரெய்னிங் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, அதே மெஷினில் புதிதாக ஒருவர் நின்றார். ஒடிசாவிலிருந்து வந்தவர், கான்ட்ராக்ட் ஆள். எங்களைப் போலவே இன்டக்‌ஷன் முடித்து, கையெழுத்துப் போட்டு வந்தவர். கையில் அதே நூல் கையுறை. அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். நான் கையை ஆட்டினேன். அவர் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். ஓடிப்போய்ச் சிவப்புப் பட்டனை அழுத்தினேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியாவும் தெரியாது, ஹிந்தியும் தெரியாது. திரும்பி வந்த அண்ணன் மெயின் ஸ்விட்சையும் அணைத்தார். கழட்டிய கையுறையின் பிரிந்த நூலை டிரில்லில் மாட்டி, சக்கைக் கையாலேயே மெதுவாகச் சுற்றிக் காட்டினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. காலிக் கையுறை விரல் விரலாகச் சுருண்டு போய் டிரில்லில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பையன் தன் இன்னொரு கையுறையைத் தானே கழட்டிக் கீழே வைத்தார்.

அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் சூப்பர்வைசரிடம் போய் இரண்டு சம்பவத்தையும் சொன்னோம். திட்டு விழும் என்று நினைத்தோம். அவர் நோட்டில் எழுதிக்கொண்டு, "முதல் நாளே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அடுத்த நாள் மெஷின் மேல், கையுறையின் மீது சிவப்புக் கோடு போட்ட படம் ஒட்டியிருந்தது. எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

நண்பர்களே, இரண்டு மூன்று வருடத்தில் அந்த ஏசி ரூமில் இன்டக்‌ஷன் எடுக்கப் போகிறவர்கள் நாம்தான். அப்போது "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் வரும். மெஷின் பக்கத்தில் கூட்டிப்போய், அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லி, "எங்க, நிறுத்திக் காட்டுங்க" என்று கேளுங்கள். நிறுத்திக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அதுவரைக்கும், இந்த லீவுல போகிறவர்கள் ஐந்து கேள்வியையும் பாக்கெட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பத்து விரலோடு திரும்பி வாங்க!