உங்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

மாத்தளையிலிருந்து ரிவஸ்டன் பக்கமாக ஏறும் வீதியில் உள்ளது இரத்தோட்டை. மிளகும் கராம்பும் சாதிக்காயும் விளையும் ஊர். இங்குள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், பிள்ளைகள் வீடு திரும்பிய பின் எமது மாதர் குழு மாதம் இரு தடவை கூடுவது வழக்கம். 1977, 1983 வன்செயல்களின்போது மாத்தளையை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் குடியேறி, யுத்தம் முடிந்த பின்னர் வெறுங்கையுடன் திரும்பிய குடும்பத்துப் பெண்களும் இக்குழுவில் இருந்தனர். கணவனை இழந்தவர்கள் சிலர். மகன் வருவான் என இன்றும் காத்திருப்பவர்கள் சிலர்.

சமூகவியல் படித்துவிட்டு சமூகப் பணிக்கு வந்த புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சகோதரிகளாகிய உங்களிடம் சொல்லவே இதை எழுதுகிறேன்.

குழுவில் எட்டுப் பேர் தையல் பழகி முடித்திருந்தனர். தையல் இயந்திரம் வாங்க வேண்டும். நான் ஒரு கடையில் விசாரித்து, "இந்தக் கடையிலேயே எடுங்கள், நல்ல சாமான், தவணைக்கும் தருவார்கள்" என்றேன். எட்டுப் பேரும் அங்கேயே எடுத்தனர். கடைக்காரர் ஓர் இயந்திரத்துக்கு 1,500 ரூபா வீதம் என் கையில் 12,000 ரூபா வைத்து, "போக்குவரத்துச் செலவுக்கு மிஸ்" என்றார். எனக்கு அப்போது பஸ் செலவு தனியாகக் கிடைப்பதில்லை. ஆகவே வாங்கிக்கொண்டேன். குழுவில் எவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வவுனியாவிலிருந்து திரும்பி வந்த அக்கா ஒருவர் கூட்டத்தில் எழுந்தார். "மிஸ், அடுத்த கடையில இதே மெஷின் 1,500 ரூபா கொறைவா இருக்கு. கோவிச்சுக்காதீங்க, ஒங்களுக்கு இதுல என்னா கெடைச்சிச்சு?" என்று கேட்டார்.

எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. மழுப்பியிருக்கலாம். ஆனால் கேட்டவர் பேரப்பிள்ளையை வளர்த்துக்கொண்டு, கொழுந்து பறித்த காசில் தவணை கட்டுபவர். உண்மையைச் சொன்னேன். கடைக்காரர் தன் பையிலிருந்து எடுத்துத் தந்ததாக நான் நினைத்த பணம், இந்த எட்டுப் பெண்களும் கூடுதலாகக் கொடுத்த பணம்தான் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. இரண்டு மாதச் சம்பளத்தில் அதைத் திருப்பிக் கொடுத்தேன். அப்போது அந்த அக்கா சொன்னார்: "நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க நாலு கடை வெலை கேட்டிருப்போம், அவ்வளவுதான்."

கொமிசன் வாங்குவது எல்லா வேளையிலும் குற்றமாகாது. தரகரும் உழைப்பவரே. அதை மறைத்துக்கொண்டு, நலன் நாடுபவர் போல ஆலோசனை சொல்வதே தவறு. கேட்பவர் ஆலோசனையை எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பை அது பறித்துவிடுகின்றது.

யார் யார் வருகிறார்கள்?

யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்கு உதவி என்ற பெயரில் பலர் வருகின்றனர். நுண்கடன் தருபவர் "மாதம் 2 வீதம்தான் வட்டி" என்பார். 50,000 ரூபாவை 12 மாதத் தவணையில் எடுத்தால் வட்டி மட்டும் 12,000 ரூபா. இது வருடத்துக்கு 24 வீதம் எனத் தோன்றும். ஆனால் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே, முழு 50,000 ரூபாவுக்கும் கடைசி வரை வட்டி கட்டுகிறீர்கள். உண்மையான வருட வட்டி 40 வீதத்தைத் தாண்டுகின்றது. 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களுக்கு 40 முதல் 220 வீதம் வரை வட்டி அறவிடப்படுவதைச் சுட்டிக்காட்டினார்.

"நீங்கள் சேர்ந்து இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தால் போதும்" என்று சொந்தக்காரரே வருவதுண்டு. புதிதாகச் சேர்பவர் கட்டும் பணமே முன்னர் சேர்ந்தவரின் வருமானம். இத்தகைய பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கித்தொழில் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டவை.

கைத்தொலைபேசியில் முகத்துக்குப் பூசும் கிறீமைப் புகழ்பவரும் பணம் பெற்றிருக்கலாம். இந்தியாவில் இவ்வாறு பேசுபவர்கள் அது விளம்பரம் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டுமென விளம்பரத் தர நிர்ணய சபை 2021இல் நெறிமுறை வகுத்தது.

அடுத்து, எம்மைப் போன்ற நிறுவனங்கள். உங்கள் கதையைக் கேட்டு எழுதுகிறோம், படம் எடுக்கிறோம். அவற்றைக் காட்டித்தான் பல வேளைகளில் திட்டத்துக்கு நிதி பெறப்படுகின்றது. என் சம்பளமும் நன்கொடைப் பணத்திலிருந்தே வருகின்றது. இதைச் சொல்ல நான் கூச்சப்படக் கூடாது. கேட்க நீங்களும் கூச்சப்படத் தேவையில்லை.

கேட்பது உங்கள் உரிமை

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. பிரதேச செயலகம் போன்ற அரச அலுவலகங்கள் மட்டுமல்ல, அரசாங்கத்திடமிருந்தோ வெளிநாட்டு அரசு, சர்வதேச அமைப்பு ஆகியவற்றிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை வழங்கும் அரசசார்பற்ற நிறுவனங்களும், அச்சேவை தொடர்பான தகவல்களுக்காக இதற்குள் அடங்குகின்றன. ஏன் கேட்கிறீர்கள் எனக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

சட்டம் வரை போகாமலும் வாசலிலேயே கேட்கலாம்:

• உங்களுக்குச் சம்பளம் தருவது யார்?
• நான் இதில் சேர்ந்தால், வாங்கினால், உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?
• மொத்தமாக நான் எவ்வளவு கட்ட வேண்டும்? அதை எழுதித் தருவீர்களா?
• என் படத்தையும் கதையையும் எங்கே, எதற்குப் பயன்படுத்துவீர்கள்?

நேர்மையாக வந்தவர் இவற்றுக்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் கையெழுத்திட அவசரப்படாதீர்கள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, அயலில் இருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது எந்தக் கூட்டத்திலும் நான் முதலில் சொல்வது, எனக்கு யார் சம்பளம் தருகிறார்கள், அன்றைய வேலையில் எனக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதுதான். அன்று கேள்வி கேட்ட அக்காவைக் குழு தன் பொருளாளராகத் தெரிவு செய்தது. என்னுடைய பஸ் ரிக்கெட்டையும் அவர் பார்த்த பிறகே கணக்கில் எழுதுவார். உங்கள் குழுவிலும் அப்படி ஒருவர் இருந்தால், அவரை "வாயாடி" என்று ஒதுக்கிவிடாதீர்கள். கணக்குக் கொப்பியை அவர் கையில் கொடுங்கள்.