நெடியவர் நிற்கும் இடம்

ஆட்டத்தில் தோற்றுவிட்டால் லுணுகலைப் பகுதி மாணவரிடையே எழும் கேள்வி ஒன்றுண்டு: "அந்த உயரமான பிள்ளையை வேறிடத்தில் நிறுத்தியிருந்தால் வென்றிருப்போமே?" கூடைப்பந்தாயினும் வலைப்பந்தாயினும் பழி நெடியவர் தலையிலேயே விழுகிறது. இது முறையா?

யாழ்ப்பாணம் தந்த தர்ஜினி சிவலிங்கத்தை எண்ணிப் பார்ப்போம். ஏறத்தாழ 6 அடி 10 அங்குல உயரமுடைய இவ்வீராங்கனை, 2019இல் லிவர்பூலில் நடைபெற்ற வலைப்பந்து உலகக் கிண்ணப் போட்டியில் 348 கோல்கள் போட்டு அனைவரினும் முதல்வரானார். இலங்கை அணியோ 16 அணிகளுள் 15ஆவதாகவே வந்தது.

அவரை இடம் மாற்றியிருந்தால் பயன் விளைந்திருக்குமா? வலைப்பந்தில் கோல் போடும் உரிமை இருவருக்கே உண்டு. அதுவும் வட்டத்துள் நின்றே போடல் வேண்டும். பந்துடன் ஓடுதல் ஆகாது. மூன்று விநாடிக்குள் அதைக் கைவிட்டாக வேண்டும். ஆகவே அவரைக் காப்பு வரிசைக்கு அனுப்பினால் கோல் போடும் கையையே இழப்போம். வட்டத்துள் நிற்பவரிடம் பந்து வந்து சேராவிடில் உயரத்தாலும் பயனில்லை.

2018இலும் 2022இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றபோதும் அவர் கோலடியிலேயே ஆடினார். எதிரணிகளின் வலிமை வேறாயினும் அவர் நின்ற இடம் ஒன்றே.

கூடைப்பந்தில் நெடியவர் வளையத்தடியை விட்டு வெளியே வரலாம். அங்கே இவ்விவாதத்துக்குச் சற்று இடமுண்டு. எனினும், அவர் எங்கே நிற்பது என்று கேட்குமுன், அவருக்குப் பந்தை அனுப்புபவர் யார் என்று கேட்போமாக. உயரம் பிறப்பில் வருவது; பந்தைச் செவ்வனே அனுப்புதல் பயிற்சியால் வருவது. பயிற்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியதன்றோ?