மரதன் ஓட்டமும் மறந்துபோன ஆயத்தமும்

தைப்பொங்கல் கழிந்ததும் எமது பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டிகளுக்கான ஆரவாரம் தொடங்கிவிடுகின்றது. அப்போட்டிகளின் முன்னோடி நிகழ்வாகப் பெரும்பாலும் மரதன் ஓட்டமே இடம்பெறும். வீதியோரங்களில் பெற்றோரும் ஊரவரும் திரண்டு நிற்பர். ஆசிரியர்கள் மோட்டார் சைக்கிள்களில் பின்தொடர்வர். பழைய மாணவர்கள் தண்ணீர் வாளிகளுடன் சந்திகளில் காத்திருப்பர். பாடசாலையையும் ஊரையும் ஒன்றிணைக்கும் இந்த நல்ல மரபு தொடரவேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆயினும், அன்று காலை ஓடத் தொடங்கும் மாணவருள் எத்தனை பேர் அதற்கு முந்திய ஒரு மாதத்தில் இரண்டு கிலோமீற்றர் தூரத்தையேனும் நிற்காமல் ஓடிப் பழகியிருப்பர்? 2024 மார்ச் மாதத்தில் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஓட்டமொன்றில் பங்குபற்றிய மாணவர் ஒருவர் உயிரிழந்த சம்பவம் நாட்டையே உலுக்கியது. தனியொரு மரணத்தின் காரணத்தைத் தீர்மானிப்பது மருத்துவத்தினதும் சட்டத்தினதும் பணி. ஆனால், நெடுந்தூர ஓட்டத்துக்கு உடலை எவ்வாறு ஆயத்தப்படுத்துவது என்பதை அறிந்துகொள்வது அனைவரதும் கடமையாகும்.

மரதன் என்ற சொல்லுக்கு உலக மெய்வல்லுநர் அரங்கில் 42.195 கிலோமீற்றர் என்பதே பொருள். 1908 ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தூரம், 1921 இல் நியமத் தூரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. எமது பாடசாலைகளில் மரதன் என்று அழைக்கப்படுவது இதில் ஒரு சிறு பங்கே. எனினும், பழக்கமற்ற உடலுக்குத் தூரத்தின் பெயர் முக்கியமன்று. நேற்றுவரை அது செய்த வேலைக்கும் இன்று அதனிடம் கேட்கப்படும் வேலைக்கும் இடையிலான இடைவெளியே முக்கியமானது. ஓடியே பழகாதவனுக்கு ஐந்து கிலோமீற்றரும் பெருந்தூரந்தான்.

தொடர்ச்சியான பயிற்சியினால் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு கூடுகின்றது. தசைகளுக்குள் மயிர்த்துளைக் குழாய்கள் பெருகுகின்றன. ஒட்சிசனைப் பயன்படுத்திச் சக்தியை உண்டாக்கும் இழைமணிகளும் அதிகரிக்கின்றன. இம்மாற்றங்களுட் பலவற்றைச் சில வாரங்களிலேயே உணரலாம். ஆனால் எலும்புகளும் தசைநாண்களும் வலுப்பெற மாதக்கணக்கில் செல்லும். மூச்சு இடங்கொடுக்கின்றதே என்று எண்ணி ஒருவர் தூரத்தைத் திடீரெனக் கூட்டும்போது, முழங்காலும் கணைக்கால் எலும்பும் குதிநாணும் அந்தச் சுமைக்கு இன்னும் தயாராகியிருப்பதில்லை. புதிதாக ஓடத் தொடங்கும் பலர் இரண்டாம் மூன்றாம் மாதங்களில் நோவுடன் ஒதுங்கிவிடுவதன் இரகசியம் இதுவே.

அவ்வாறாயின் எங்கே தொடங்குவது? நடையில்தான். 1996 இல் அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகின்றது. முதல் வாரத்தில் ஐந்து நிமிட விரைவு நடை. அதன்பின் 60 விநாடி மெல்லோட்டம், 90 விநாடி நடை என இருபது நிமிடங்களுக்கு மாறி மாறிச் செய்தல். வாரத்தில் மூன்று நாட்கள் போதும். வாரங்கள் செல்லச் செல்ல ஓட்டம் நீண்டு நடை குறைகின்றது. ஒன்பதாவது வாரத்தில் அரை மணித்தியாலம் அல்லது ஐந்து கிலோமீற்றர் நிற்காமல் ஓடுவதே இலக்கு. வேகம் பற்றிய கவலை இங்கு வேண்டியதில்லை. பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே ஓட முடிந்தால் அதுவே சரியான வேகம். நீரிழிவு, உயர் குருதியமுக்கம், நெஞ்சுநோவு போன்றவை உள்ளவர்களும், நீண்டகாலம் உடலுழைப்பின்றி இருந்த நடுவயதினரும் வைத்தியரின் ஆலோசனையைப் பெற்ற பின்னரே தொடங்குதல் வேண்டும்.

ஐந்து கிலோமீற்றரிலிருந்து பத்துக்கும், பத்திலிருந்து அரை மரதனாகிய 21.1 கிலோமீற்றருக்கும் செல்வது எப்படி? வாரத்தின் மொத்தத் தூரத்தைப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டலாகாது என்ற விதியே பயிற்றுநர்களிடையே நெடுங்காலம் வழங்கிவந்தது. டென்மார்க்கின் ஆகூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 இல் வெளியிட்ட, 5,205 ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு இதனைத் திருத்தி எழுதியுள்ளது. வாரத் தூரம் கூடுவதிலும் பார்க்க, ஒரே நாளில் ஓடும் தூரம் திடீரென நீள்வதே காயங்களுடன் நெருங்கிய தொடர்புடையது என அது கண்டது. முந்திய 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தை விடப் பத்து வீதத்துக்கு மேல் ஒருநாள் ஓடியவர்களிடம் காயம் ஏற்படும் வாய்ப்பு உயர்ந்தது. அத்தூரம் இரட்டிப்புக்கு மேல் சென்றபோது வாய்ப்பும் இரு மடங்கைத் தாண்டியது. கடந்த மாதத்தில் ஐந்து கிலோமீற்றருக்கு மேல் ஓடாதவர் நாளை ஐந்தரையை ஓடலாம், பத்தை ஓடலாகாது.

பொறுமையின் பயனுக்கு வரலாற்றிலும் சான்றுண்டு. சப்பாத்துத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த நியூசிலாந்துக்காரரான ஆர்தர் லிடியார்ட், தம் அயலிலிருந்த இளைஞர்களைப் பல மாதங்கள் வாரத்துக்கு 160 கிலோமீற்றர் வரை ஓடவைத்து, அந்த அடித்தளத்தின் மேலேயே வேகப் பயிற்சியைக் கட்டியெழுப்பினார். 800 மீற்றர் வீரரான பீற்றர் ஸ்னெல்லும் 35 கிலோமீற்றர் மலைப்பாதை ஓட்டத்துக்கு விலக்களிக்கப்படவில்லை. 1960 றோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் 800 மீற்றரிலும், மறே ஹல்பேர்க் 5000 மீற்றரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர். அதே லிடியார்ட், ஒக்லாந்தில் நடுவயதினரையும் இதய நோயாளிகளையும் மெல்லோட்டத்துக்கு அழைத்துச் சென்றவருமாவார். சம்பியனுக்கும் நோயாளிக்கும் அவர் சொன்ன பாடம் ஒன்றே: பயிற்சி செய், வருத்திக்கொள்ளாதே.

முழு மரதனில் இன்னொரு சோதனை காத்திருக்கின்றது. ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகின்றது. 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு மரதன் முழுவதற்கும் 2,500 கிலோகலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேமித்திருப்பதோ ஏறத்தாழ 2,000 மட்டுமே. முப்பதாவது கிலோமீற்றரை அண்மித்ததும் பலருக்குக் கால்கள் கல்லாகிவிடுவது இதனாலேயே. நீண்ட மெல்லோட்டங்கள் கொழுப்பையும் எரிபொருளாகப் பயன்படுத்த உடலைப் பழக்குகின்றன. ஓடும்போது சிறிது சிறிதாக மாவுச்சத்தை உட்கொள்வதும் உதவும்.

அதற்கும் அப்பாற்பட்டது தென்னாபிரிக்காவில் 1921 முதல் நடைபெறும் கொம்றேட்ஸ் ஓட்டம். டேர்பனுக்கும் பீற்றர்மரிற்ஸ்பேர்க்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீற்றர். 12 மணித்தியாலங்களே எல்லை. இதில் கலந்துகொள்ள விரும்புபவர், முன்னதாக ஒரு முழு மரதனைக் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்தவராக இருத்தல் வேண்டும். வளர்ந்தவர்களிடமே முன்னாயத்தத்துக்கு இவ்வாறு அத்தாட்சி கேட்கப்படும்போது, பதினான்கு வயதுப் பிள்ளையிடம் நாம் எதனைக் கேட்கின்றோம்?

வெப்பத்தையும் இங்கு மறத்தலாகாது. ஈரப்பதன் மிக்க எமது காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடலின் சூடு உள்ளேயே தங்குகின்றது. உள்வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டி, ஓடுபவர் தடுமாறவோ பிதற்றவோ தொடங்கினால் அது உயிராபத்தான வெப்பத்தாக்கம். முதலில் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி அல்லது உடலெங்கும் நீரூற்றிக் குளிர்வித்து, அதன்பின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பதே மருத்துவ நெறி. மறுபுறம், அளவுக்கு மீறித் தண்ணீர் அருந்துவதும் ஆபத்தே. 2002 பொஸ்டன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 வீதத்தினரின் குருதியில் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்கு ஏற்ப அருந்துவதே உத்தமம்.

பாடசாலைகள் செய்யவேண்டியவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. போட்டிக்கு எட்டு அல்லது ஒன்பது வாரங்களுக்கு முன்னரே, அதாவது முந்திய தவணையிலேயே, வாரம் மூன்று நாள் பயிற்சியைத் தொடங்குதல். அப்பயிற்சியை நிறைவுசெய்தோரை மட்டுமே போட்டிக்கு அனுமதித்தல். மாணவரின் நோய் விபரங்களைப் பெற்றோரிடம் எழுத்தில் பெறுதல். காய்ச்சலோ மயக்கமோ உள்ள பிள்ளையை இல்லப் புள்ளிகளுக்காக ஓடவிடாதிருத்தல். சூரியன் உயருமுன் ஓட்டத்தை முடித்தல். பாதை நெடுகிலும் தண்ணீரும், இதய அழுத்த முதலுதவி அறிந்த ஒருவரும் இருக்கச் செய்தல். 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்கும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்தல். ஓடும்போது மயங்கி விழும் பிள்ளைக்குச் சோடாவும் விசிறியும் மட்டும் போதா.

1970 பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் நெடுந்தூர ஓட்டத்தில் தங்கம் வென்ற லூசியன் றோசாவைத் தந்த நாடு இது. எமது கிராமங்களிலும் தோட்டங்களிலும் அத்தகைய கால்கள் இன்றும் உள்ளன. அவற்றை ஒருநாள் ஓட்டத்தில் சோதித்துப் பார்ப்பதை விடுத்து, ஓராண்டுப் பயிற்சியில் வளர்த்தெடுக்க அதிபர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் முன்வருவார்களா? அடுத்த மரதனுக்கான கொடி அசைக்கப்படுமுன் இக்கேள்விக்கு விடை காணப்படவேண்டும்.