இரண்டு பேர், இரண்டு இறக்கை

குளிர்காலம் முழுக்க ஒர்க்‌ஷாப்பில் கிடந்த ஏ.எஸ்.கே. 21 கிளைடரை மார்ச்சில் ஒரு சனிக்கிழமை பூட்ட வேண்டியிருந்தது. வழக்கமா ஐந்தாறு பேர் வருவாங்க. அன்னிக்குப் பரீட்சை நேரம். வந்தது நானும் குரூப்பில் மூத்தவரான ஒரு பெரியவரும் மட்டும். சரியாப் போச்சு!

தெரியாதவங்களுக்கு: இது ஜெர்மனியில் வாஸர்குப்பே மலையடிவாரத்தில் இருக்கிற ஷ்லைஹர் கம்பெனி தயாரிப்பு. 1970-களின் கடைசியில் முதன்முதலா பறந்தது. இரண்டு பேர் உட்காரலாம். இறக்கை நுனிக்கு நுனி 17 மீட்டர். இரண்டா கழட்டினாலும் ஒவ்வொண்ணும் எட்டு மீட்டருக்குக் குறையாது.

நான் சட்டைக் கையை மடிச்சு விட்டேன். பெரியவர் சிரிச்சார். இறக்கையின் அடிப்பக்கம் தடிமன், நுனி மெலிசு. பாரம் அடிப்பக்கம்தான் அதிகம். அதை ஒரு தள்ளுவண்டியில் ஏத்தி, நுனிப்பக்கம் உயரம் மாத்தக்கூடிய ஸ்டாண்டு வச்சார். தூக்குற வேலையே இல்லை, உருட்டுற வேலைதான்.

இரண்டு இறக்கையும் உடம்புக்குள் நுழைஞ்சது. ஆனா மெயின் பின் போகலை. சுத்தியலைத் தேடினேன். மூச்! நுனியை மெதுவா மேலும் கீழும் அசைக்கச் சொன்னார். அங்கே ஒரு ஜாண் அசைச்சா இங்கே ஒரு நூல் அசையும். துளைகள் நேரானதும் பின் வழுக்கிட்டு உள்ளே போச்சு. கழட்டும்போதும் இதே கதைதான். பின் இறுகினா இழுக்கக் கூடாது, நுனியில் பாரத்தைச் சரி பண்ணணும். ஒரு இறக்கை கழன்றா மறுபக்கம் சாயும், அதனால் முட்டு முதலிலேயே கொடுத்துடணும்.

ஆள் குறைஞ்சா முதுகுதான் போகும்னு நினைச்சிருந்தேன். அது இல்லை பிரச்சினை. ஏலரான் கம்பியை இணைக்கிற இடத்தில், உருண்டை கிண்ணத்துக்குள் உட்காரணும், மேலே சேஃப்டி பின் போடணும். வலது பக்கம் அதைச் செய்யும்போது "நுனியைப் பிடி!"ன்னு குரல் வந்தது. ஓடிட்டேன். திரும்பி வந்து வேற வேலையில் இறங்கிட்டேன்.

கடைசியில் செக். அவர் வெளியே ஏலரானை அசையாம பிடிக்க, நான் காக்பிட்டில் ஸ்டிக்கைத் தள்ளணும். இடது பக்கம் கெட்டியா நின்னது. வலது பக்கம் பலமா தள்ளினதும் டக்! ஸ்டிக் தாராளமா போயிடுச்சு. சேஃப்டி பின் என் பாக்கெட்டிலேயே இருந்தது.

அவர் திட்டலை. செக்லிஸ்ட்டை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்கச் சொன்னார். நடுவில் யாராவது கூப்பிட்டா அந்த வேலையை முதலிலிருந்து ஆரம்பிக்கணுமாம். அவ்வளவுதான் சொன்னார்.

அன்னிக்குப் பறக்கலை. அடுத்த வாரம் அதே கிளைடரில் முன் சீட்டில் நான், பின் சீட்டில் அவர். கிளம்புறதுக்கு முன்னாடி பாக்கெட்டை இரண்டு தடவை தடவிப் பார்த்துக்கிட்டேன் :-)